வண்ணம் களைதல்

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில், டிரென்ட் ஆற்றங்கரையில், நாட்டிங்ஹாம் என்னும் நகரம் உள்ளது. முன்னாளில் அந்நகரம் பூப்பின்னல் துணிக்குப் பெயர் பெற்று விளங்கியது. இராபின் ஹுட் என்னும் வீரனைப் பற்றிய பழங்கதைகளும் அவ்வூரைச் சுற்றி எழுந்தவையே. இந்நாளில் அதற்கு வேறொரு புகழும் வந்து சேர்ந்துள்ளது. விரல் நீளத்திற் பாதியும் இல்லாத போர்வீரப் பதுமைகளைச் செய்து உலகெங்கும் அனுப்பும் தொழில் அங்கே வேரூன்றியிருக்கின்றது. அப்பதுமைகளைக் கொண்டு ஆடப்படுவது மேசைப்போர் விளையாட்டு.

அவ்விளையாட்டின் இயல்பைச் சிறிது அறிந்துகொள்வோம். ஒரு பெரிய மேசை. அதன்மேல் அட்டையாலும் மரத்தாலும் அமைந்த குன்றும் காடும் இடிந்த மதிலும். இருபுறத்தும் அணிவகுத்து நிற்கும் பதுமைப் படைகள். ஆடுவோர் அளவுகோல் கொண்டு தம் படைகளை நகர்த்துவர். பகடை உருட்டி அடியையும் வீழ்ச்சியையும் முடிவு செய்வர். இவ்வளவே. ஆயினும் இதில் ஒரு புதுமை உண்டு. சதுரங்கக் காய்கள் செய்து முடிந்த நிலையில் நம் கைக்கு வருகின்றன. இப்பதுமைகளோ பெரும்பாலும் வண்ணமின்றியே விற்கப்படுகின்றன. வாங்கியவரே நுண்ணிய தூரிகை பிடித்து, முகத்திற்கு முகநிறமும் வாளுக்கு வெள்ளிநிறமும் தீட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே ஒவ்வொரு படையும் அதனை உடையவரது கைத்திறத்தைக் காட்டி நிற்கும். அவரது கைத்திறமின்மையையும் காட்டி நிற்கும்.

வளர்ந்தவர் பதுமை வைத்து ஆடுவரோ என்று எவரும் நகைத்தல் வேண்டா. பிரஷிய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்பார் 1812 ஆம் ஆண்டில் தம் அரசருக்குப் போர் விளையாட்டு மேசை ஒன்றை அமைத்துக் கொடுத்தார். அவருடைய மைந்தர் 1824 ஆம் ஆண்டில் அதன் விதிகளைத் திருத்தி வெளியிட்டார். அது படைத்தலைவர்களுக்குப் பயிற்சி தரும் கருவியாக விளங்கியது. இலண்டன் மாநகரில் வில்லியம் பிரிட்டன் என்பாரின் குடும்பத்தார் 1893 ஆம் ஆண்டில் உள்ளே புழையுடைய ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கினர். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்றி, ஓரம் இறுகியவுடன், நடுவே இறுகாது நின்ற உலோகத்தைக் கவிழ்த்துவிடுவது அவர்கள் முறை. அதனால் பதுமையின் எடையும் விலையும் குறைந்தன. அறிவியற் புதினங்களால் புகழ்பெற்ற எச்.ஜி. வெல்ஸ், சிறு போர்கள் என்று பொருள்படும் பெயரில், இத்தகைய வீரர்களைக் கொண்டு ஆடும் முறைகளை 1913 ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். அமெரிக்காவில் 1974 ஆம் ஆண்டில் டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்னும் ஆட்டம் வெளிவந்தபின், பூதங்களும் பறவைநாகங்களும் பதுமைகளாயின. கேம்ஸ் ஒர்க்ஷாப் என்னும் நிறுவனம் 1975 ஆம் ஆண்டில் இலண்டனில் தோன்றிப் பின்னர் நாட்டிங்ஹாமில் நிலைகொண்டது. அது 1983 ஆம் ஆண்டில் வெளியிட்ட வார்ஹாமர் என்னும் ஆட்டமே இன்று இத்துறையில் பலரும் அறிந்த பெயர்.

நாற்பது ஆண்டுகளாக விற்ற பதுமைகள் எங்கே போயின? சில மண்ணுக்குள் புதைந்திருக்கும். பல, மேல்மாடத்துப் பெட்டிகளில் உறங்கிக் கிடந்து, உடையவர் வீடு மாறும்பொழுதும் மறையும்பொழுதும் வெளிவருகின்றன. அவை பழம்பொருட் கடைகளிலும் சந்தைகளிலும் கைம்மாறுகின்றன. அவ்வாறு வரும் பதுமையைக் கையில் எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் இரங்கத்தக்க நிலையிலேயே இருக்கும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், வீட்டுக் கதவுக்குப் பூசும் வண்ணத்தை அள்ளி அப்பியிருப்பான். அதன்மேல் அடுத்தவன் வேறொரு நிறம் பூசியிருப்பான். மூன்றாமவன் பளபளக்கும் வார்னிஷ் ஒன்றை அதன் தலையில் ஊற்றியிருப்பான். கண் இருந்த இடத்தில் ஒரு குமிழ். விரல்கள் இருந்த இடத்தில் ஒரு கட்டி.

மேலே இன்னும் ஒரு பூச்சுப் பூசினால் என்ன என்று கேட்கலாம். பதுமையின் அளவை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். இவற்றுள் மனித உருவம் பெரும்பாலும் 25 மில்லிமீட்டர் முதல் 32 மில்லிமீட்டர் வரை உயரமுடையது. அதன் தலை ஒரு மிளகளவு. அம்மிளகில் புருவமும் மூக்கும் மீசையும் செதுக்கப்பட்டுள்ளன. மார்பில் அணிந்த வளையக் கவசத்தின் ஒவ்வொரு வளையமும் கடுகினும் சிறிது. அவ்வளையங்களுக்கு இடையேயுள்ள பள்ளம் மில்லிமீட்டரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு ஆழமே இருக்குமாயின், தடித்த பூச்சு இரண்டு மூன்று அதனைத் தூர்த்துவிடாதோ? ஆற்றில் வண்டல் படிந்து மேடாவது போல, வண்ணம் படிந்து படிந்து உருவம் மேடாகிப் போகின்றது. ஆதலின் பழையதைக் களைந்த பின்னரே புதியது தீட்டவேண்டும்.

இனி, இத்துணைச் சிறு பொருளை ஏன் பேண வேண்டும்? எறிந்துவிட்டுப் புதிது வாங்கலாகாதா? அஃது எல்லாப் பதுமைக்கும் இயலாது. உலோகப் பதுமை பிறக்கும் முறையே அதற்குக் காரணம். கைவினைஞர் முதலில் மெல்லிய கம்பியை எலும்பு போல வளைத்து வைப்பார். அதன்மேல் நீலமும் மஞ்சளுமாய் வரும் இருவகைப் பிசின்களைப் பிசைந்து, பச்சையாக மாறிய அந்த மாவினால், சிறு கரண்டியும் ஊசியும் கொண்டு, உருவத்தை உருவாக்குவார். அம்மூலவுருவை இரண்டு இறப்பர்த் தட்டுகளின் நடுவே வைத்துச் சூட்டாலும் அழுத்தத்தாலும் இறுக்கி அச்செடுப்பர். அச்சமயத்தில் மூலவுரு நசுங்கிச் சிதைந்து போதலும் உண்டு. பின்னர் அச்சுத்தட்டைச் சுழற்றிக்கொண்டே நடுவில் உருகிய உலோகத்தை ஊற்றுவர். சுழற்சியின் விசையால் உலோகம் ஓரத்திலுள்ள குழிகளுட் பாய்ந்து பதுமைகளாகும். இறப்பர் அச்சு நெடுங்காலம் நிற்பதன்று. சூட்டினால் வெடித்தும் தேய்ந்தும் போகும். நிறுவனம் ஓர் உருவத்தை வார்ப்பதை நிறுத்திவிட்டால், முன்பு வார்த்தவையே எஞ்சியவை. அவற்றுள் ஒன்று கெட்டால் உலகில் ஒன்று குறைந்தது என்பதே பொருள்.

அக்கைவினைஞர்களுள் மைக்கேல் பெரி, ஆலன் பெரி என்னும் இரட்டையரைக் குறிப்பிடுதல் தகும். இளமையிலேயே நாட்டிங்ஹாம் நிறுவனத்திற் சேர்ந்து பல்லாண்டுகள் பதுமைகளை வடித்த அவ்விருவரும், பின்னர்த் தம் பெயரால் தனி நிறுவனம் கண்டனர். மைக்கேல் 1996 ஆம் ஆண்டில், பழங்காலப் போர் ஒன்றை நடித்துக் காட்டிய நிகழ்ச்சியில், பீரங்கி விபத்தினால் ஒரு கையை இழந்தார். வடிப்பதையே தொழிலாக உடையவர்க்கு இதனினும் பெரிய இழப்பு யாது? அவர் எஞ்சிய கையைப் பழக்கிக்கொண்டு மீண்டும் வடிக்கலானார். பூச்சுக்கு அடியில் மறைந்து கிடப்பது இத்தகையோரின் உழைப்பு என்பதை நினைப்பவர் எவரும், பதுமையைக் கத்தி கொண்டு சுரண்டத் துணியமாட்டார்.

களைவதற்கு முன்னர்ச் செய்யவேண்டிய முதற் செயல், பதுமை எதனால் ஆனது என்று அறிதலே. இதில் தவறினால் பின்னர் எத்துணைப் பொறுமை காட்டினும் பயனில்லை. இப்பதுமைகள் உலோகம், பிளாஸ்டிக், பிசின் என மூவகைப் பொருள்களால் செய்யப்படுகின்றன. உலோகம் கையில் எடுத்தவுடன் எடையால் தன்னைக் காட்டிவிடும். பிளாஸ்டிக்கும் பிசினும் இலேசானவை. பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும். பிசின் பெரும்பாலும் வளையாது ஒடியும். கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் 2011 ஆம் ஆண்டில் தன் உலோகப் பதுமைகள் பலவற்றைப் பிசினால் வார்க்கத் தொடங்கியது. ஆகையால் ஒரே உருவம், ஒரு வீட்டில் உலோகமாகவும் மற்றொரு வீட்டில் பிசினாகவும் இருக்கக் கூடும். உருவத்தைப் பார்த்துப் பொருளைத் தீர்மானித்தல் ஆகாது.

உலோகத்திலும் இருவகை உண்டு. இங்கே தமிழ்ச் சொல் ஒன்றினைச் சற்று நின்று நோக்குதல் நன்று. ஈயம் என்னும் சொல்லை நாம் இரண்டு உலோகங்களுக்கு வழங்குகின்றோம். ஒன்று வெள்ளீயம், மற்றொன்று காரீயம். பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவது வெள்ளீயம். இரசம் வைக்கும் ஈயச் சொம்பும் அதனால் ஆனதே. காரீயமோ நஞ்சு. அஃது உடலிற் புகுந்தால் எளிதில் வெளியேறாது. வளரும் சிறுவரின் மூளைக்குக் கேடு செய்யும். இன்ன அளவு வரை தீங்கில்லை என்று வரையறுத்துச் சொல்லத்தக்க அளவே அதற்கு இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தார் கூறுகின்றனர். பெயரால் உடன்பிறந்தவை போலத் தோன்றும் இவ்விரண்டும் குணத்தால் எவ்வளவு வேறுபட்டன! அடைமொழியை விட்டு ஈயம் என்று மட்டும் கூறுவது பேச்சில் பொருந்தலாம். பதுமையைத் தொடுமிடத்துப் பொருந்தாது.

பழைய பதுமைகளில் இவ்விரு ஈயங்களும் கலந்திருந்தன. மின்கருவிகளைப் பழுதுபார்ப்போர் கம்பிகளை இணைக்கப் பயன்படுத்திய பற்றாசு போன்ற கலவையே அது. எளிதில் உருகும், அச்சின் நுண்ணிய மூலைகளிலெல்லாம் பாயும். அமெரிக்காவில் ரால் பார்த்தா என்னும் நிறுவனம் 1993 ஆம் ஆண்டில் காரீயம் கலவாத உலோகத்திற்கு மாறியது. நாட்டிங்ஹாம் நிறுவனமும் 1990களின் பிற்பகுதியில் அவ்வாறே மாறியது. ஆதலால் 1980களில் வார்த்த பதுமை எதுவாயினும் காரீயம் உடையது என்றே கொள்ளுதல் வேண்டும். அதன்மேல் வெண்பொடி பூத்திருப்பின் இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஓக் மரத்தாற் செய்த பேழையில் நெடுநாள் வைத்தால், அம்மரத்திலிருந்து எழும் புளிப்பாவி காரீயத்தை அரித்து அத்தகைய பொடியாக்கும். அரும்பொருட் காட்சியகத்தார் ஈயப் பொருள்களை ஓக் பேழையில் வையாமைக்குக் காரணம் இதுவே. பொடியை ஊதுவதும் உலர்ந்த நிலையில் அரத்தால் தேய்ப்பதும் தகாதன. கையுறை அணிதல், அம்மேசையில் உண்ணாதிருத்தல், சமையற் பாத்திரத்தைப் பயன்படுத்தாதிருத்தல், முடிவில் கையைச் சோப்பிட்டுக் கழுவுதல் ஆகிய இவற்றில் ஒன்றையும் விடலாகாது. சிறுவர் இவ்வேலையைப் பெரியோர் துணையின்றிச் செய்தல் கூடாது.

அடுத்து, வண்ணத்தைக் கரைக்கும் திரவம். இதில்தான் பலர் அழிவைத் தேடிக்கொள்கின்றனர். அசிட்டோன் என்பது நகச்சாயத்தை நீக்கும் திரவம். உலோகப் பதுமையை அதில் இட்டால் பழைய வண்ணம் விரைவில் தோலுரிந்து வரும், பசையால் ஒட்டிய மூட்டுகளும் விட்டுப்போகும், உலோகத்திற்கோ ஊறில்லை. இதனைக் கண்டு மகிழ்ந்த ஒருவர் அதே கிண்ணத்தில் பிளாஸ்டிக் பதுமையை இடுவாராயின், சிறிது நேரத்தில் அவர் காண்பது வீரனை அன்று. சாம்பல் நிறக் கூழையே. பாலிஸ்டைரீன் என்னும் அந்தப் பிளாஸ்டிக்கை அசிட்டோன் வண்ணத்தோடு சேர்த்தே கரைத்துவிடும். அடுப்பைத் துலக்க விற்கும் கடுங்கார மருந்துகளைச் சிலர் நாடுவர். அக்காரம் தோலைச் சுடும். ஈய உலோகங்களையும் தின்னும். ஊர்தியின் தடையமைப்பில் ஊற்றும் எண்ணெயைப் போற்றுவாரும் உண்டு. அதுவும் உடலுக்குத் தீங்கானது. மேற்கண்டவற்றைவிட மெல்லிய வழி இருக்கக் கடுமையானவற்றை ஏன் நாடவேண்டும்?

அம்மெல்லிய வழி, நம் நாட்டு வீடுகளிலும் அலமாரியில் இருப்பதே. புண்ணைக் கழுவவும் குளிக்கும் நீரிற் கலக்கவும் நாம் வைத்திருக்கும் டெட்டால் என்னும் மருந்தையே இங்கிலாந்தில் பதுமை விரும்பிகள் பல்லாண்டுகளாகப் பயன்படுத்தி வருகின்றனர். கிருமிகளைக் கொல்லுவதற்கென்று செய்த மருந்து வண்ணத்தை எங்ஙனம் களையும்? அதிலே கிருமிக்கொல்லியோடு பைன் மரத்து எண்ணெயும் ஆல்ககாலும் ஆமணக்கெண்ணெயாலான சோப்பும் உள்ளன. அக்ரிலிக் என்னும் வண்ணம் ஈரமாக இருக்கும் வரையில் நீரிற் கரையும். உலர்ந்தபின் அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று இறுகி ஒரு தோலாகிவிடும். அதன்பின் நீருக்கு இணங்காது. டெட்டாலில் உள்ள எண்ணெயும் ஆல்ககாலும் அத்தோலினுள் மெல்லப் புகுந்து அதனை ஊறச் செய்து, பதுமையின் மேனியை அது பற்றியிருந்த பிடியைத் தளர்த்துகின்றன. பாலிஸ்டைரீனை அவை ஒன்றும் செய்வதில்லை. பழைய எனாமல் வண்ணம் சற்று முரடானது. எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு காற்றினால் இறுகும் அவ்வண்ணத்தை, ஹல் நகரத்து ஹம்பிரால் நிறுவனத்தார் சிறு தகரச் சிமிழ்களில் அடைத்து விற்றனர்; அதனைத் தீட்டாத சிறுவர் அந்நாளில் இங்கிலாந்தில் அரியர். அது பல நாள் ஊறினாலன்றி நெகிழாது.

ஐசோபுரோப்பைல் ஆல்ககாலும் பலர் கையாளும் திரவமே. டெட்டாலினும் விரைவாக வேலை செய்யும். வாடையும் விரைவில் அகலும். ஆயினும் எளிதில் தீப்பற்றக் கூடியது. அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது, பலகணி திறந்திருத்தல் வேண்டும். பிசின் பதுமைகளை எத்திரவத்திலும் நெடுநேரம் விட்டுவைப்பது தக்கதன்று. சில பிசின்கள் இளகிப்போகும். ஒரு சிறு துண்டையோ, மிகக் குறைந்த மதிப்புடைய ஒரு பதுமையையோ முன்னர் இட்டுச் சோதித்துப் பார்ப்பதே அறிவுடையார் செயல். முன்னவர் பிசின்மாவால் ஏதேனும் ஒட்டுச் சேர்த்திருந்தால் அதுவும் கழன்று விழலாம்.

இனி வேலையைப் பார்ப்போம். மூடியுடைய கண்ணாடிக் குடுவையில், நீர் கலவாத டெட்டாலை, பதுமை மூழ்கும் அளவு ஊற்றுகின்றனர். பதுமையை உள்ளே இட்டு மூடி, ஒரு பகலும் ஓர் இரவும் அசையாமல் விட்டுவிடுகின்றனர். மறுநாள் குடுவைக்குள் நோக்கினால், தேன் நிறத்துத் திரவம் கலங்கிக் கருத்திருக்கும். பதுமையின் மேனி பாம்பு சட்டையுரிக்கும் பருவத்தில் இருப்பது போலச் சுருங்கி மடிந்து காணப்படும். கையுறை அணிந்து அதனை எடுத்து, பல் துலக்கிப் பழசான தூரிகையால் தேய்க்க வேண்டும்.

இங்கே ஒரு பொறி உள்ளது. அழுக்கைக் கண்டவுடன் நீர்க்குழாயின் அடியிற் பிடிக்கவே எவர் கையும் விரையும். டெட்டாலில் நீர் பட்டால் பால் போல் வெளுக்கும் என்பதை யாவரும் அறிவர். நெகிழ்ந்த வண்ணத்தோடு கலந்து நிற்கையில் அது வெளுப்பதோடு நில்லாது. வண்ணம் முழுதும் தார் போலத் திரண்டு, பதுமையின் பள்ளங்களிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, தூரிகையையும் கையுறையையும் பற்றிக்கொள்ளும். வண்ணத்தைக் களைய வந்தவர் அதனினும் கொடிய ஒன்றைப் பூசியவர் ஆவார். ஆகவே முதலிற் குடுவையிலுள்ள டெட்டாலிலேயே தூரிகையைத் தோய்த்துத் தேய்த்தல் வேண்டும். பின்பு புதிய டெட்டாலிற் சிறிது அலசுதல் வேண்டும். அதன்பின் பாத்திரம் துலக்கும் சோப்புநீர். எல்லாவற்றிற்கும் இறுதியிலேதான் வெறும் நீர். இவ்வரிசை மாறுதல் கூடாது. தார் படிந்துவிட்டாலும் உலகம் முடிந்துவிடுவதில்லை. மீண்டும் டெட்டாலில் இட்டு, மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும், அவ்வளவே.

அக்குளிலும் தாடியின் மடிப்பிலும் வண்ணம் இன்னும் ஒளிந்திருக்கும். அதனை எடுக்கப் பல்குத்தும் மரக்குச்சியே ஏற்றது. எஃகு ஊசியைக் கொண்டு குத்துவது, வண்ணத்தை எடுப்பதைவிட விரைவாக மூக்கை எடுத்துவிடும். ஈய உலோகம் அத்துணை மென்மையானது. வசதியுடையோர் செவிக்கு எட்டாத ஒலியலைகளால் நீரை அதிரச் செய்யும் தொட்டிகளை வாங்குகின்றனர். அவ்வதிர்வில் எண்ணற்ற நுண்குமிழிகள் தோன்றி உடைந்து, தூரிகை நுழையாத இடத்து அழுக்கையும் தளர்த்தும். மரக்குச்சியும் இரண்டாம் நாளும் உடையவர்க்கு அஃது இன்றியமையாததன்று. ஒரு நாளில் வாராத வண்ணம் இரண்டாம் நாள் ஊறலில் வரும். அப்பொழுதும் வாராமல், அடிப்பூச்சின் சாயல் மட்டும் பள்ளங்களில் கறையாக நின்றால், அதனை விட்டுவிடலாம். கறைக்குக் கனமில்லை, உருவத்தை அது மறைப்பதுமில்லை. புதிய பூச்சு அதனை மூடிக்கொள்ளும். முற்றும் பளிச்சென்று ஆக்கவேண்டும் என்று தேய்த்துத் தேய்த்து வளையக் கவசத்தை வழுவழுப்பாக்கியவர்கள், வண்ணத்தைக் களைந்தவர் அல்லர், வடித்தவரையே களைந்தவர்.

குடுவையின் அடியில் தங்கும் சேற்றைச் சாக்கடையில் ஊற்றிவிடலாமா? ஊற்றலாகாது. டெட்டாலின் கிருமிக்கொல்லி, மீன் முதலிய நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு, பூனைக்கும் ஆகாது. பழைய வண்ணத்திலும் பதுமையின் தேய்மானத்திலும் காரீயம் இருக்கக் கூடும். அதனைத் தாளில் ஊறவைத்துக் கட்டி, தீங்கு தரும் கழிவுகளை வாங்கிக்கொள்ளும் நகராட்சி நிலையத்தில் ஒப்படைப்பதே முறை.

எல்லாப் பதுமைகளையும் இவ்வாறு களையலாமா என்பது வேறொரு வினா. வில்லியம் பிரிட்டன் குடும்பத்தார் வார்த்த பழைய ஈய வீரர்களை எடுத்துக்கொள்வோம். அவை கையால் வண்ணம் தீட்டப்பெற்று விற்பனைக்கு வந்தவை. செஞ்சட்டை அங்கங்கே உதிர்ந்திருக்கலாம். முகத்தில் ஒரு கண் அழிந்திருக்கலாம். ஆயினும் அவ்வண்ணமே அவற்றின் பிறப்புச் சான்று. அதனை டெட்டாலில் இட்டுத் தூய்மை செய்பவர் பெரும்பொருளை இழப்பர். தொகுப்போர் அதனைத் திரும்பியும் பாரார். விளையாட்டுப் பதுமையிற் கடமையாவது, இங்கே குற்றமாகின்றது.

விளையாட்டுப் பதுமைகளிலும் சிறிது நின்று நோக்க வேண்டியவை உண்டு. பூச்சு தடித்ததா, அன்றி மெல்லியதா? மெல்லியதாயின் அதனைத் தீட்டியவர் கைவல்லவராக இருந்திருக்கக் கூடும். விளக்கின் அருகே பிடித்துப் பார்த்தால், ஒரு முகத்தில் மூன்று நிழல்கள் இருப்பது தெரியும். அத்தகையதைக் களைவதற்கு எவருக்கும் உரிமை உண்டு. காசு கொடுத்து வாங்கியவர் அன்றோ? உரிமை இருப்பதாலேயே செய்தாக வேண்டும் என்பதில்லை. நடுவே, திறமும் இன்றிப் பிழையும் இன்றி, அன்போடு மட்டும் தீட்டப்பட்டவை பல. அவற்றின் அடித்தட்டைத் திருப்பினால், பென்சிலால் எழுதிய ஒரு பெயரோ, வயதோ, பட்டாளத்தின் எண்ணோ காணப்படும். அவ்வெழுத்தும் டெட்டாலில் போய்விடும். தொகுப்பவர் சிலர் அதனை ஏட்டில் குறித்துக்கொண்டு, ஒளிப்படமும் எடுத்து வைத்த பின்னரே குடுவையைத் திறக்கின்றனர். ஒரு படை முழுவதையும் களையும்பொழுது ஒருவனை மட்டும் பழைய கோலத்திலேயே அலமாரியில் நிறுத்திவிடுவோரும் உண்டு.

ஒரு பதுமை கழுவி முடிந்து வெளியே வரும் நேரம் கவனித்தற்குரியது. முதலில் தெரிவது நிறமின்மை. ஈய நிறத்து ஒரு சிறு உருவம், நனைந்து, ஒளியைப் பிடித்துக்கொண்டு நிற்கும். பிறகு, கண் பழகப் பழக, உருவத்தின் நுட்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படும். கட்டியாக இருந்த இடத்தில் ஐந்து விரல்கள். அவற்றுள் ஒன்றில் ஒரு மோதிரம். வெறும் பச்சையாக இருந்த இடுப்பில் ஒரு பை. அப்பையின் வாயைக் கட்டிய கயிற்றின் முறுக்கு. கோபம் என்று நினைத்த முகம் சிரிக்கின்றது. முன்னவர் எவரும் அம்மோதிரத்தைக் கண்டிருக்கமாட்டார். கண்டிருந்தால் தீட்டாமல் விட்டிருப்பரோ?

பழைய உலோகப் பதுமைகள் பலவற்றில், பாதத்தின்கீழ் ஒரு மெல்லிய தகடு இருக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் அடித்தட்டில் உள்ள பிளவினுள் அத்தகட்டைச் செருகிப் பசையிட்டு ஒட்டுவது வழக்கம். ஒட்டும்பொழுது அது மறைந்துபோகும்; பின்னர் எவர் கண்ணிலும் படாது. ஊறலில் பசை விட்டு அடித்தட்டு கழன்றபின், அத்தகடு வெளிப்படும். அதிலே வார்த்த நிறுவனத்தின் பெயரும், உருவத்தின் பெயரும், ஆண்டும் பொடியெழுத்துகளாக அமைந்திருக்கும். தகட்டைச் சாய்த்து விளக்கொளியில் பிடித்து, வேண்டுமாயின் உருப்பெருக்காடி கொண்டு, அவற்றைப் படித்து ஏட்டில் எழுதிக்கொள்கின்றனர். அதன்பின் பதுமையைத் துணிமேல் கிடத்தி, மடிப்புகளில் நின்ற நீர் வற்றும் வரை ஓர் இரவு விட்டுவைக்கின்றனர். அடிப்பூச்சு மறுநாள் காலையில்தான்.